மூணாம் பாகம்

வா மருமகனே, உக்காரு. அந்தக் கட்டில்ல வேண்டாம், கயிறு தொஞ்சு கெடக்கு. திண்ணையில உக்காரு. உங்க அம்மா போன்ல சொன்னா, "பையன் நாவலைப் பத்தியெல்லாம் எழுதுதான், படிச்சவங்க பாராட்டுதாங்க"ன்னு. எழுதுனதையும் அனுப்பி வச்சா. கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கிட்டு ரெண்டு தரம் வாசிச்சேன். நல்லா இருக்கு. எந்த நாவலைப் பத்தி எழுதியிருக்கேங்கிறதுதான் வெளங்கல.

"மனித மனத்தின் ஆழங்களைத் தொடும் படைப்பு"ன்னு போட்டிருக்க. எத்தன அடி ஆழம்? நம்ம தோட்டத்துக் கெணறு 60 அடி. 20 அடியில சுக்காம்பாறை, 40ல கரும்பாறை. வெடி வச்சு ஒடச்சு, 55ல ஒரு ஊத்து கண்ணு தெறந்துச்சு, அதுவும் உப்பு. இப்படிச் சொன்னாத்தான் கெணறு வெட்டுனவன்னு நாலு பேரு நம்புவான். நீ எந்தப் பக்கத்துல கொட்டாவி விட்ட, எங்க பாறை முட்டிப் புத்தகத்த மூடி வச்ச, பெறகு என்ன நெனப்புல திரும்பத் தெறந்த, இதுல ஒண்ணாவது எழுதியிருக்கியா? ஆழமாம் ஆழம்.

அதுக்கு மேல "கட்டாயம் படிக்க வேண்டிய நாவல்" வேற. தீர்வை பாக்கியா, கட்டாயமா வசூல் பண்ண? வேதநாயகம் பிள்ளை 1879ல பிரதாப முதலியார் சரித்திரத்தப் போட்டாரு. தமிழ்ல முதல் நாவல்னு பரீட்சையில எழுதாத ஆளு உண்டுமா? படிச்சவன் கையத் தூக்குன்னு சொல்லு பாப்பம். முன்சீப்பா இருந்த மனுசன், சிரிக்கச் சிரிக்கத்தான் எழுதியிருக்காரு. கட்டாயம்னு சொல்லிச் சொல்லியே அவரக் கொன்னுட்டானுவ.

க.நா.சு.ன்னு ஒருத்தரு இருந்தாரு. "படித்திருக்கிறீர்களா"ன்னு புத்தகத்துக்கே பேரு வச்சவரு. பாரு, கேள்விதான் கேக்காரு, அதட்டல. அவரும் நல்ல நாவல்னு பட்டியல் போட்டாரு. பட்டியல்ல இடம் கெடைக்காதவங்க கெட்ட கோவத்துல இருந்தாங்க. நீயும் பட்டியல் போடு, வேண்டாங்கல. ஆனா ஒன் கூட்டாளி எழுதுன நாவல ஏழாவதாச் சொருகியிருக்க பாரு, அது எனக்கே தெரிஞ்சு போச்சு. ஏழாவது எடத்துல சொருகுனா கண்ணுக்குப் படாதுன்னு நெனச்சியாக்கும். சந்தையில கிழட்டு மாட்ட நடுவுல கட்டுத வேலை, நாங்க பாக்காததா?

போன தை மாசம் புதுசாக் கல்யாணமான பயலுக்கு அஞ்ஞாடியப் பரிசாக் குடுத்தியாம். ஆயிரம் பக்கத்துக்கு மேல! பூமணி நம்ம கோவில்பட்டிப் பக்கத்து ஆளு, அவரு எழுத்து எனக்கு உசுரு. இருந்தாலும் மறுவீட்டு விருந்துக்குப் போறவன் கையில அதத் தூக்கிக் குடுத்தா அவன் என்னத்துக்கு ஆவான்? செல்லப்பாவோட வாடிவாசலக் குடுத்திருக்கலாம். ஒரு மத்தியானத்துல முடிஞ்சிரும். அப்பனக் கொன்ன காளைய அடக்க மகன் வந்து வாடிவாசல்ல நிக்கான், அம்புட்டுத்தான் கதை. படிச்சு முடிச்சு எந்திரிக்கும்போது மேலெல்லாம் புழுதி ஒட்டுன மாதிரி இருக்கும். அந்த ருசி பட்டுட்டா அவனே பெரிய புத்தகத்தத் தேடி வருவான்.

கோவில்பட்டின்னதும் ஞாபகம் வருது. இந்தக் கரிசல்ல மழை பேயுதோ இல்லியோ, சாகித்திய அகாடமி விருது தவறாமப் பேஞ்சிருது. 1970ல கு. அழகிரிசாமி, 91ல கி. ராஜநாராயணன், ரெண்டு பேரும் ஒரே இடைசெவல். 2014ல பூமணி, 2019ல சோ. தருமன். இதுக்கு மண்ணு காரணமா, வேலை இல்லாமத் திண்ணையில உக்காந்து பேசுனது காரணமான்னு நீதான் ஆராய்ச்சி பண்ணிச் சொல்லணும்.

சென்னையில உனக்குத் தெரிஞ்சவங்கள்ட்ட கி.ரா.வோட கோபல்ல கிராமத்தப் படிக்கச் சொன்னியாம், வட்டார வழக்கு புரியலன்னுட்டாங்களாம். நீ எப்படிச் சொல்லிக் குடுத்த? "குடிப்பெயர்வை இனவரைவியல் நோக்கில்"னு ஆரம்பிச்சிருப்ப. ஒன் வழக்கே அவங்களுக்குப் புரிஞ்சிருக்காதே! நூறத் தாண்டுன ஒரு கிழவி இருக்கா, மங்கத்தாயாரு. துலுக்க ராசாவுக்குப் பயந்து தெலுங்குச் சீமையில இருந்து ராத்திரியோட ராத்திரியா ஓடி வந்த கதைய அவ சொல்லுதா, ஊரே வாயப் பொளந்துக்கிட்டுக் கேக்குன்னு சொல்லிட்டுச் சும்மா இரு. கேக்குறவன் "அப்பொறம்?"னு கேட்டா, "தெரியாது, புத்தகம் வீட்டுல இருக்கு"ன்னுரு. மிச்சம் மீதி சொல்லு புரியலன்னா, கி.ரா.வே கரிசல் சொல்லுக்கு அகராதியும் போட்டு வச்சிட்டுத்தான் போயிருக்காரு.

கதை சொல்லுதவன்னா எங்க அத்தையச் சொல்லணும். பொன்னியின் செல்வன் 1950ல இருந்து 54 வரைக்கும் வாராவாரம் கல்கி பத்திரிகையில வந்துச்சு. அத்தை தாளைக் கிழிச்சுச் சேத்து வச்சு, கோணி ஊசியில தச்சு, அஞ்சு பைண்டு போட்டா. ஒரு பக்கம் மணியம் வரைஞ்ச குதிரை, திருப்புனா கூந்தல் தைல விளம்பரம். அந்த அஞ்சும் தெருத்தெருவாச் சுத்துச்சு. எனக்கு 12 வயசுல முறை வந்துச்சு பாரு, அப்ப நாலுதான் இருந்துச்சு. மூணாம் பாகத்தக் காணோம்.

அழுதேன். அத்தை ஆட்டுக்கல்லுல மாவ ஆட்டிக்கிட்டே, "எல்லாம் எனக்கு மனப்பாடம்லே, கேளு"ன்னு மூணாம் பாகத்த வாயாலேயே சொன்னா. மூணு நாள் ஓடுச்சு. அந்தப் பாகத்துக்குப் பேரு கொலைவாள். பேருல கொலை இருக்கும்போது கொலை இல்லாம எப்படின்னு நெனச்சாளோ என்னமோ, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன அங்கேயே முடிச்சிட்டா. கொன்னது இன்னாருன்னும் அடிச்சுச் சொல்லிட்டா. அஞ்சு பாகம் எழுதியும் கல்கியே பட்டுன்னு ஒடைக்காம விட்ட சங்கதி அது! படகு ஓட்டுத பூங்குழலி மேல அத்தைக்குப் பாசம். அவளுக்கும் கையோட கல்யாணத்த முடிச்சு வச்சிட்டா.

நான் கண்ணத் தொடச்சுக்கிட்டு நாலாம் பாகத்தத் தெறக்கேன். செத்த கரிகாலன் கெடில ஆத்துக் கரையில குதிரையோட வந்து நிக்காரு. ஓடிப் போய் அத்தைட்ட காட்டுனேன். அசரலியே அவ! "வாராவாரம் எழுதுத மனுசன், கொன்னத மறந்திருப்பாரு"ன்னா.

இன்ன வரைக்கும் நான் மூணாம் பாகம் படிக்கல, மருமகனே. நூலகத்துல இருந்துச்சு, புத்தகச் சந்தையில அடுக்கி வச்சிருந்தான், 2022லயும் 23லயும் சினிமாவா வேற வந்துச்சு. வாங்க மனசு வரல. கடையில விக்கிற மூணாம் பாகத்துல எங்க அத்தை இருக்க மாட்டால்ல.

அது கெடக்கட்டும். அந்த பைண்ட எடுத்துட்டுப் போனது யாருன்னு உங்க அம்மா சொல்லியிருக்காளா? சொல்லியிருக்க மாட்டா. பக்கத்து ஊர்ல இருந்து சைக்கிள்ல ஒரு முறைப்பையன் வருவான். "வாசிச்சிட்டு வர்ற வெள்ளிக்கெழம தாரேன்"னு வாங்கிட்டுப் போனவன், பத்து வருசம் கழிச்சுத்தான் திரும்ப வந்தான். கையில தாம்பாளம் இருந்துச்சு, வெத்தல பாக்கு இருந்துச்சு, பொண்ணு கேக்க ஆள் இருந்துச்சு. புத்தகம் இல்ல.

ஊருக்குப் போனதும் உங்க வீட்டுப் பரண்ல தேடிப் பாரு. செகப்பு அட்டை, முதுகுல கோணி நூலு. கெடச்சா உங்க அய்யாகிட்டச் சொல்லாமக் கொண்டு வா.