ஸ்ரீரங்கத்து மொட்டைமாடிகளில் கிலோவாட் நிர்ணயம்: ஒரு வியாக்கியானம்

பிரதம மந்திரி சூர்ய கர் திட்டம் 2024-ல் வந்த பின், உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் ஒரு தர்க்கம் எழுந்திருக்கிறது: ஒரு வீட்டுக்கு எத்தனை கிலோவாட் தகும்?

முதல் பூர்வபட்சம்: மாடி எவ்வளவோ, பேனல் அவ்வளவு. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி. மறுப்பு வெகுதூரத்தில் இல்லை. பெரிதாகத் தொடங்கிய தெற்கு ராயகோபுரம் நூற்றாண்டுக் கணக்கில் மொட்டையாகவே நின்று, 1987-ல்தான் 236 அடி ராஜகோபுரமானது.

இரண்டாவது: 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறதே, விடலாமா? இந்தக் கட்சியார் மானியத்தின் உட்பிரிவைப் பாராயணம் செய்யவில்லை. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000. கொடுக்கிறவரே கையைச் சுருக்கும் இடம் அது.

சித்தாந்தத்துக்குப் பிரமாணம் ஒன்றே: இ.பி. கார்டு. இரண்டு மாதத்துக்கு 620 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். இரண்டு மாதத்தில் 240. ஒன்று போட்டாலே கணக்கு 380-க்கு இறங்கி, 500-ஐத் தாண்டினால் ஏறும் கட்டண வீதத்திலிருந்து குடும்பம் தப்பிக்கிறது. இரண்டு போட்டால் மிச்சம் 140. அதில் 100 யூனிட் தமிழக அரசின் இலவசம். மூன்றாவது கிலோவாட்டுக்கு என்ன வேலை? மேலே நிற்கும் 40 யூனிட் போக, சும்மா கிடைக்கும் மின்சாரத்தைக் கைக்காசு போட்டுத் தயாரிப்பதுதான். ஏ.சி. வாங்கப்போகிறவர் மட்டும் வாதத்தை மீண்டும் தொடங்கலாம்.

திசை பற்றிய அத்தியாயம் சுருக்கமானது. பெரிய பெருமாள் தெற்கு நோக்கிச் சயனித்திருக்கும் ஊரில் பேனலும் தெற்கு நோக்கிச் சாய்வது சம்பிரதாயத்துக்கு விரோதமன்று. ஆனால் சித்திரை முதல் வாரத்தில் உச்சிச் சூரியன் வடகலைக்கு மாறி, ஆவணியில்தான் தென்கலைக்குத் திரும்புகிறார். பூசலைத் தீர்ப்பது பத்துப் பதினோரு டிகிரிச் சாய்வு.

நிழல்தான் நுட்பமான பகுதி. ஆனி நடுவே நண்பகலில் ராஜகோபுர நிழல் தெற்கே ஐம்பதடியோடு நின்றுவிடும். மார்கழியில் வடக்கே 160 அடி நீளும் என்பது இவ்வாய்வாளரின் கணக்கு. ஒரு பேனலின் ஓரத்தில் நிழல் விழுந்தாலே தொடரிலுள்ள மற்றவையும் சுணங்கும். கோபுரத்தை நகர்த்த முடியாது. தென்னையை வெட்டப் பக்கத்து வீட்டு மாமா சம்மதியார். சின்டெக்ஸ் தொட்டியை வடக்கு ஓரத்துக்குத் தள்ளலாம்.

அக்னி நட்சத்திரத்தில் மின்சாரம் கொட்டும் என்பாரும் உளர். பேனலின் திறன் 25 டிகிரியில் அளக்கப்பட்டது. திருச்சியில் அந்தக் குளிர்ச்சி விடியற்காலையில் கிடைக்கும், வெயில்தான் கிடைக்காது. மே மாத மாடியில் பேனல் 60 டிகிரிக்குச் சுட்டு, திறனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழக்கும்.

எஞ்சுவது வடாம் பிரச்சினை. இரண்டு கிலோவாட் 200 சதுர அடியை எடுத்துக்கொள்ளும். ஸ்டாண்டை உயர்த்திப் போட்டால் கீழேயே காயவைக்கலாமே என்கிறார் சோலார் கம்பெனிக்காரர். அவர் வடாம் இட்டவரில்லை.