கண்ணை மூடுனா மஞ்ச வெலை தெரியுதாக்கும்!

ஏங்கண்ணு, நீ தியானம் பண்ற சீரைத் திண்ணையில உக்காந்து பாத்துட்டுத்தான் இருக்கறேன். இலவம்பஞ்சுத் திண்டு, ஊதுபத்தி, நாடி பாக்கற வாட்சு, காதுல ஆத்துச் சத்தம். பொடக்காளிக்குப் பின்னால காலிங்கராயன் வாய்க்கால்ல நெசத் தண்ணி ஓடுது. அது உனக்கு ஆகல. நடுவுல ஒத்தக் கண்ணைத் தொறந்து போனைப் பாக்கற. ஏஞ்சாமி, மஞ்ச குவிண்டால் என்ன வெலைன்னு ஞானம் வந்துருச்சாக்கும்?

இமயமலைக்கு வேற போறயாமா? நல்லாப் போ. அப்படியே ஊட்டுல நாலு நாள் நிம்மதியா இருக்கும்.

ஊட்டை உட்டுப் போனாத்தான் தவமா? வேதாத்திரி மகரிசி யாருன்னு நெனச்ச? 1911-ல கூடுவாஞ்சேரியில நெசவுக் குடும்பத்துல பொறந்தவரு. தொழிலும் பாத்து, குடும்பமும் நடத்தித்தான் தவம் பண்ணுனாரு. 1958-ல உலக சமுதாய சேவா சங்கம் ஆரம்பிச்சவரு, பொறவு பொள்ளாச்சிக்குத் தெக்கால ஆழியாத்துல அறிவுத் திருக்கோயிலும் உண்டாக்குனாரு.

வெசனத்தை அவரு நாலு கூறாப் பிரிச்சாரு. பட்டே தீர வேண்டியது, தள்ளிப் போட வேண்டியது, கண்டுக்காம உட வேண்டியது, உடனே தீக்க வேண்டியது. உன்றதை ஒரு சீட்டுல எழுதிப் பிரிச்சுப் பாரு. மழை பொய்ச்சது பட்டே தீரோணும். மஞ்ச வெலை ஏறலையா, மூட்டை குடோன்லயே கெடக்கட்டும். பங்காளி புதுக் காரு வாங்குனதைக் கண்டுக்காத. சொசைட்டிக் கடன் தவணையை இன்னைக்கே போய்க் கட்டு. நீ கண்ணை மூடுனா வட்டியும் கண்ணை மூடிக்குமா?

வெடியக்காலம் எந்திரிச்சுச் சித்தெ நேரம் சும்மா உக்காரு. மூச்சு போறதையும் வாரதையும் பாரு. மணிக்கட்டுல வெரலை வெச்சுக்க. மூச்சை மெல்ல வெளிய உடறப்ப நாடி நிதானிக்கும். அதுக்கு வாட்சு எதுக்கு? மனசு ஓடத்தான் செய்யும். அந்தியூர்ச் சந்தையில புடிச்சுட்டு வந்த காளை மொதல்ல பழைய கட்டுத்தரைக்குத்தான் இழுக்கும். அடிக்காத, கவுத்தைப் புடிச்சுத் திருப்பு. தெனமும் திருப்பு. தவம்னா அவ்வளவுதான்.

ஒண்ணு மட்டும் வெளையாட்டில்லாமச் சொல்றேன். தூக்கம் போயி, சோறு எறங்காம, உசுரு எதுக்குன்னு நெனப்பு வந்துச்சுன்னா திண்டு மேல உக்காந்துட்டு இருக்காத. டாக்டரைப் பாரு, டெலி மானஸ்னு மனநல உதவிக்கு 14416 நம்பர் இருக்குது, கூப்புடு. அதுல ஒரு வெக்கமும் இல்ல.

தவத்துக்குப் பரீச்சை எதுன்னு கேக்கறயா? கோவம் யாரு மேல வந்துச்சோ, அந்த ஆளையே மனசார வாழ்த்தச் சொன்னாரு மகரிசி. வரப்பை ஒரு சாண் வெட்டுன பங்காளி எதுக்க வாரப்ப, "வாழ்க வளமுடன்"னு நெனை. பல்லைக் கடிச்சுட்டுச் சொன்னாக் கணக்குல சேராது. வாழ்த்தி முடிச்சுட்டு, சர்வேயரைக் கூட்டிட்டுப் போயி வரப்பை அளந்துரு. தவம் பண்றவன் காட்டை உட்டுத் தரோணும்னு எந்த ரிசியும் சொல்லல, கண்ணு.