இரண்டு காதுக்கு இரண்டு ஹெட்போன்: திருப்பூரை முன்வைத்து ஓர் ஆய்வு

மனிதனுக்குக் காது இரண்டு. ஒரே ஹெட்போன் அந்த இரண்டையும் மூடிவிடுகிறது. அப்படியிருக்க ஒருவர் இரண்டு ஹெட்போன் வைத்திருப்பது எதற்கு என்ற வினா இதுவரை முறையாக ஆராயப்படவில்லை. திருப்பூரில் அவ்வினா வீட்டுக்குள் மட்டும் எழுப்பப்படுகிறது. "ஏனுங்க, உங்களுக்கென்ன நாலு காதுங்களா?" என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் சமையலறைக்குத் திரும்பிவிடுவது மரபு. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர் ஓர் ஏற்றுமதி கம்பெனியின் மெர்ச்சன்டைசர். பெயர் வேண்டாம், இரண்டாவது ஹெட்போனின் உண்மை விலையை அவர் இன்னும் வீட்டில் சொல்லவில்லை. அவரிடம் உள்ளவை ஜெர்மானிய சென்ஹைசர் எச்டி 800 எஸ், ஜப்பானிய சோனி எம்டிஆர்-இசட்1ஆர். இரண்டுமே லட்ச ரூபாய்ப் பக்கம் போகும் சரக்கு. முன்னதன் பின்பக்கம் வலையாகத் திறந்திருக்கும்; பின்னதன் பின்பக்கம் மூடியிருக்கும். திறந்ததில் மேளம் தள்ளி நின்று வாசிக்கிறது, பாடகருக்கும் வயலினுக்கும் நடுவில் ஆள் நடந்து போகலாம். மூடியதில் எல்லோரும் நெருங்கி உட்கார்ந்திருக்கிறார்கள், பேஸ் கிட்டார் மட்டும் மடியிலேயே ஏறி உட்கார்ந்துவிடுகிறது.

இவற்றை வகைப்படுத்த மேல்நாட்டார் வளைகோட்டுப் படங்கள் பல வரைந்துள்ளனர். நமக்கு அவை தேவையில்லை. மூடியது அகம், திறந்தது புறம். அகத்தில் நடப்பது பிறர் அறியாதது. நள்ளிரவில் ஒருவர் குத்துப்பாட்டு கேட்டாலும் பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தெரியாது. புறமோ ஊரறிய நிகழ்வது; உள்ளே பாடுவது வெளியேயும் கேட்கும், வெளியே கத்துவது உள்ளேயும் வரும். வரலாறும் இதற்கு இணங்குகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியல் பால்ட்வின் தன் வீட்டுச் சமையலறையில் செய்து 1910இல் கடற்படைக்கு விற்றதும் மூடியது. 1958இல் ஜான் காஸ் ஸ்டீரியோ கேட்பதற்கென்றே வெளியிட்டதும் மூடியது. திறந்த வகையைச் சென்ஹைசர் எச்டி 414 என்ற பெயரில், ஸ்பாஞ்சு வைத்துக் கொண்டுவந்தது 1968இல்தான். ஆகவே அகம் முந்தியது, புறம் பிந்தியது என்பது பெறப்படும்.

அற்றேல், ஒருவருக்கு இரண்டும் எதற்கு எனின், பனியன் கம்பெனிக்குள் போய்ப் பார்க்க. பக்கத்தையும் கையையும் மூட்டுவது ஓவர்லாக். அடிமடிப்பு அடிப்பது பிளாட்லாக். இரண்டும் தையல் மெஷின்தானே, எதற்கு இரண்டு என்று எந்த முதலாளியின் மனைவியும் கேட்டதாகச் செய்தியில்லை. துணி பின்ன ஜெர்மனியின் மேயர், தைக்க ஜப்பானின் ஜூக்கி, பெகாசஸ், யமாட்டோ என்று இரு நாட்டையும் ஒரே கூரையின்கீழ் வைத்துப் பிழைக்கும் ஊர் இது. நம் மெர்ச்சன்டைசர் தலைக்கு மேலும் அதையே செய்திருக்கிறார். பின்னுவதற்கு ஜப்பானின் ஃபுகுஹாராவும் இங்கே ஓடுகிறதே எனின், அது நம் கொள்கைக்கு இடையூறு ஆதலின் இங்கு விடப்பட்டது.

சுங்கத்துறை இதில் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது. பின்னிய ஆடைக்கு 61ஆம் அத்தியாயம், நெய்த ஆடைக்கு 62 என்று சட்டையையே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும் உலகச் சுங்கப் பட்டியல், டி-ஷர்ட்டுக்கு 6109 என்று தனி எண் கொடுத்திருக்கிறது. ஹெட்போன் என்று வரும்போது மட்டும், திறந்ததோ மூடியதோ, எல்லாமே 8518தான்.

களஆய்வில் தெரிந்த ஒன்றை இங்கே பதிவுசெய்ய வேண்டும். வேறு ஊரில் ஒருவர் கையில் ஹெட்போனைக் கொடுத்தால் காதில் மாட்டிக்கொள்வார். திருப்பூர்க்காரர் மாட்டமாட்டார். முதலில் காதுமெத்தையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். பிறகு லேசாக இழுத்து, விட்டு, பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துத் தையலை நோட்டம் விடுவார். சென்ஹைசரின் மெத்தை மைக்ரோஃபைபர். விரல் அதில் சற்றே நிற்கும். சோனியினுடையது ஆட்டுத்தோல், வழுக்கிக்கொண்டு போகும். "என்ன ஜிஎஸ்எம்முங்க?", அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், என்பதுதான் முதல் கேள்வி. பாட்டு எப்படி என்பது காப்பி வந்த பிறகு. ஒரு கட்டிங் மாஸ்டர் எடையையும் கேட்டார். ஒயர் நீங்கலாக 330 கிராம், 385 கிராம்; சேர்த்தால் 715. மனக்கணக்காகவே 180 ஜிஎஸ்எம் துணியில் நாலு சதுர மீட்டர், நாலு டி-ஷர்ட் ஆகும் என்று சொல்லிவிட்டு, விலையைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இசைச் சோதனைக்கு வருவோம். தமிழ்ப் படப் பாடல்களில் ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்கு முன்னோடியான இளையராஜாவின் 'பிரியா' (1978), அவருடைய 'ஹவ் டு நேம் இட்' (1986) ஆகியன எடுத்துக்கொள்ளப்பட்டன. பின்னதன் வயலின் கூட்டத்தைத் திறந்ததில் கேட்டால், எந்த வில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கை நீட்டிக் காட்டலாம். ராஜாவின் பேஸ் கிட்டார் நடைக்கு மூடியதே முறை. அதற்கு முந்தைய மோனோ பாடல்களில் இரண்டு ஹெட்போனும் தோற்றன. இரு காதுக்கும் ஒரே ஒலி போவதால் டி.எம்.எஸ். நடுமண்டையில் நின்றே பாடுகிறார். எத்தனை லட்சம் கொடுத்தாலும் அங்கிருந்து நகரமாட்டார்.

தையல் பிரிவுச் சுவரில் மாட்டிய ஸ்பீக்கரில், மெஷின் சத்தத்தோடு சேர்த்தே இந்தப் பாடல்களையெல்லாம் கேட்டு வளர்ந்த ஒரு டெய்லர், ஹெட்போனில் கேட்டுவிட்டு ஏதோ குறைகிறது என்றார். ஓவர்லாக்தான் குறைந்தது.

திணைக்கு நிலமும் பொழுதும் முதற்பொருள். திறந்த ஹெட்போனுக்கு நிலம், நிட்டிங் கம்பெனி இல்லாத சந்து. நிட்டிங் மெஷின் இரவும் பகலும் ஓடும். அதன் ரீங்காரம் வலை வழியே நேராக வயலினுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அனுப்பர்பாளையத்தில் பாத்திரம் தட்டுகிற தெருவில் என்ன ஆகும் என்பது தனி ஆய்வுக்குரியது. சிறுபொழுது, ஞாயிறு பிற்பகல். பெரும்பொழுது, வெளியூர்த் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்த் திருப்பூரே காலியாகிக் கிடக்கும் பொங்கல் விடுமுறை. தீபாவளி விடுமுறையும் உண்டு, ஆனால் பட்டாசு ஓய்ந்த பிறகு. மற்ற நாளெல்லாம் மூடியதற்கே. காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரைக்கு முடியும் ஒன்றரை ஷிப்ட், அதற்குமேல் ஐரோப்பிய பையரின் மெயிலுக்குக் காத்திருப்பது என்று ஓடும் வாழ்க்கையில் புறம் பாட நேரம் ஏது?

இங்கே விளையாட்டை ஒரு பத்தி நிறுத்தி வைக்கிறேன். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலுக்குள் கேட்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10, 89 என்றால் 5. பகலெல்லாம் மெஷின் நடுவே நின்ற காது இந்தக் கணக்கில் பெரும்பகுதியை ஏற்கெனவே செலவழித்துவிட்டு வீட்டுக்கு வருகிறது. சத்தத்தின் நடுவே திறந்ததை மாட்டினால், அந்தச் சத்தத்தை வெல்ல வால்யூமை ஏற்றத்தான் கை போகும். மூடியது வெளிச்சத்தத்தை ஓரளவு தடுப்பதால் குறைந்த வால்யூமிலேயே பாட்டு முழுதாகக் கேட்கும். இரண்டு ஹெட்போனுக்கு ஆதரவாக நான் கண்ட காரணங்களில் வீட்டில் எடுபடக்கூடியது இது ஒன்றுதான்.

ஆகவே முடிபு: இரண்டும் வேண்டும். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்பவர் மூடியதை வாங்குக. திறந்ததுதான் வேண்டும் என்று நிற்பவர், எச்டி 800 எஸ் 300 ஓம் என்பதால் போனில் நேரடியாகச் செருகினால் சோர்ந்து பாடும், தனியாக ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டிவரும் என்பதை அறிக. அந்தச் செலவையும் சேர்த்து, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், பக்கத்துச் சந்தில் நிட்டிங் மெஷின் இறக்கப் போகிறார்களா என்று ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.