மேற்படி தூண்

(இடம்: இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் ஐவிங்ஹோ பீக்கன். 233 மீட்டர் உயரமுள்ள சுண்ணாம்புக் குன்று. மாமனார் கும்பகோணம் பக்கத்தில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், மகள் வீட்டுக்கு வந்திருக்கிறார். மாப்பிள்ளைக்கு மில்டன் கீன்ஸில் மென்பொருள் வேலை. மாப்பிள்ளையை முகத்துக்கு நேரே குறை சொல்லும் மாமனார் நம் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே கீழே வருவதெல்லாம் மரியாதை என்றே கொள்ளவும்.)

மாப்பிள்ளை: வந்துட்டோம் மாமா. அதோ, அதுதான்!

மாமனார்: எது மாப்பிள்ளை? கோயில் ஒண்ணையும் காணோமே.

மாப்பிள்ளை: கோயிலா?

மாமனார்: "மலைக்குப் போறோம் மாமா, உச்சியில போய்த் தொட்டுட்டு வந்துடலாம்"னு சொன்னீங்க. நான் விடியக்காலையிலேயே குளிச்சு, விபூதி பூசிக்கிட்டு வந்து நிக்கிறேன்.

மாப்பிள்ளை: நான் சொன்னது இந்த ட்ரிக் பில்லரை. முக்கோண அளவைத் தூண். தொட்டுப் பாருங்க, ஜில்லுன்னு இருக்கும்.

மாமனார்: (ஒரு சுற்றுச் சுற்றி வந்து) காங்கிரீட். நாலடி இருக்கும். கீழே அகலம், மேலே குறுகல். சரி, தொட்டாச்சு. கிளம்பலாமா?

மாப்பிள்ளை: என்ன மாமா, நீங்க இந்தத் துறையிலயே இருந்தவர்! மார்ட்டின் ஹொட்டின்னு ஒரு ராணுவ அதிகாரி வடிவமைச்ச தூண் இது. 1936 ஏப்ரல் 18-ந் தேதி கோல்ட் ஆஷ்பிங்கிற ஊர்ல முதல் தூண்ல அளவை தொடங்கினாங்க. அப்புறம் நாடு முழுக்கச் சுமாரா 6,500 தூண். சிமெண்டு, மணல், தண்ணி எல்லாத்தையும் ஆளும் குதிரையுமா மலை மேல சுமந்துட்டுப் போனாங்க.

மாமனார்: பெரிய வேலைதான். இப்ப இதுல யார் வந்து அளக்கிறா?

மாப்பிள்ளை: யாரும் இல்ல. 1962-லயே அந்த அளவை முடிஞ்சுபோச்சு. இப்ப எல்லாம் செயற்கைக்கோள். நாடு பூரா நூத்திப்பத்து நிலையம் வச்சிருக்காங்க, அது போதும்.

மாமனார்: ஆக, இது ரிட்டையர் ஆயிட்டது.

மாப்பிள்ளை: அப்படியும் சொல்லலாம்.

மாமனார்: ரிட்டையர் ஆனதைத் தேடி லீவு நாள்ல இவ்வளவு தூரம் வர்றீங்களே, உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு மாப்பிள்ளை. நம்ம வீட்டு ஹால்லயும் ஒண்ணு சோபாவுல உக்காந்திருக்கு. நேரம் கிடைச்சா ஒரு நாள் அதையும் வந்து தொட்டுட்டுப் போங்க.

மாப்பிள்ளை: (காதில் விழாததுபோல) இது ஒரு பொழுதுபோக்கு மாமா. ஆயிரக்கணக்கான பேர் பண்றாங்க. ஒவ்வொரு தூணா ஏறித் தொட்டு, போட்டோ எடுத்து, பதிவு போடுறது. 2016-ல ஒருத்தர் ஆறாயிரத்துச் சொச்சம் தூணையும் பாத்து முடிச்சார்.

மாமனார்: அவருக்குப் பயணப்படி யாரு குடுத்தா?

மாப்பிள்ளை: பயணப்படியா? எல்லாம் கைக்காசு.

மாமனார்: அத்தனை தூணுக்கும் போயிட்டு ஒரு பில்லுகூடப் போடலையா? போகாத ஊருக்கே பில்லுப் போட்டு வாங்கின ஆளை எனக்குத் தெரியும் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: யாரு மாமா அது?

மாமனார்: நீங்க தூணைப் பாருங்க.

மாப்பிள்ளை: அடுத்த மாசம் ஸ்காட்லாந்து போறேன். அங்க சில தூண் உருளையா இருக்கும். அட்டைக் குழாய்க்குள்ள காங்கிரீட் ஊத்தி வார்த்தது. அதுக்கு வனெஸான்னு பேரு.

மாமனார்: வனெஸாவைப் பாக்க ஸ்காட்லாந்து போறீங்க. தனியாவா?

மாப்பிள்ளை: தனியாத்தான் மாமா. அவளுக்கு இதுல ஆர்வம் இல்ல.

மாமனார்: பேரோட சேத்துச் சொல்லியாச்சா எம் பொண்ணுகிட்ட?

மாப்பிள்ளை: ...தூண் மாமா அது. தூண்.

மாமனார்: எனக்குப் புரியுது. அவளுக்குப் புரியணுமே.

(காற்று பலமாக வீசுகிறது. தூரத்துச் சரிவில் சுண்ணாம்பில் வெட்டிய பெரிய வெள்ளைச் சிங்கம் தெரிகிறது. அது விலங்குக்காட்சி சாலையின் விளம்பரம். இந்த நாட்டில் மலையைச் சும்மா விட மாட்டார்கள் போலும்.)

மாப்பிள்ளை: ஒரு நிமிஷம் இருங்க, இங்க ஒரு பெட்டியும் ஒளிச்சு வச்சிருக்கறதா காட்டுது. ஜியோகேச்சிங். போன் சொல்ற இடத்துல தேடணும். (வேலியோரம் குனிகிறார்.)

மாமனார்: பெட்டியில என்ன இருக்கும்?

மாப்பிள்ளை: ஒரு சின்ன நோட்டு, பென்சில், ரெண்டு மூணு பொம்மை. நோட்டுல பேர் எழுதிட்டு, பெட்டியை இருந்த இடத்துலயே வச்சிடணும். இது ஆரம்பிச்ச கதையே தனி மாமா. அந்தக் காலத்துல ஜி.பி.எஸ். சிக்னலை அமெரிக்கா பொதுமக்களுக்கு வேணும்னே பிழையோட குடுத்துட்டு இருந்தது. 2000 மே மாசம் ஆரம்பத்துல அதை நிறுத்தினாங்க. அடுத்த நாளே ஓரிகன்ல ஒருத்தர் காட்டுல ஒரு வாளியை வச்சு, அது இருக்கிற இடத்தை எல்லாருக்கும் அறிவிச்சுட்டார்.

மாமனார்: வாளியில?

மாப்பிள்ளை: புத்தகம், ஒரு கவண், அப்புறம் பீன்ஸ் டப்பா.

மாமனார்: வானத்துல அத்தனை சாட்டிலைட்டு, கோடி கோடியாச் செலவு... கடைசியில பீன்ஸ் டப்பா. சரி, அங்க ஒரு அம்மா நாயோட வர்றாங்க. ஏன் எந்திரிச்சுட்டீங்க?

மாப்பிள்ளை: வெளியாள் கண்ணுல படக்கூடாது மாமா. விஷயம் தெரியாதவங்களை மக்கிள்னு சொல்லுவோம். அவங்க போற வரைக்கும் சும்மா வேடிக்கை பாக்கற மாதிரி நிக்கணும்.

மாமனார்: நம்ம பக்கம் மலையில பெட்டியைப் புதைச்சு வச்சுட்டு, ஆள் வந்தா வேடிக்கை பாக்கற மாதிரி நின்னா, ஸ்டேஷன்ல உக்கார வச்சு வேடிக்கை பாப்பாங்க. நான் முப்பது வருஷத்துக்கு மேல ரிஜிஸ்தர்ல கையெழுத்துப் போட்டேன். அதுக்குச் சம்பளம் குடுத்தாங்க. நீங்க கையெழுத்துப் போடறதுக்காகப் பெட்ரோல் போடுறீங்க.

மாப்பிள்ளை: நீங்களும் கல்லைத் தேடி அலைஞ்சவர்தானே மாமா. கொஞ்சமாவது ஆசை வராதா?

மாமனார்: ஆசையா! சங்கிலியைத் தோள்ல போட்டுக்கிட்டு, நடவு நட்ட வயல்ல முழங்கால் சேத்துல இறங்கி, புலப்படத்துல இருக்கிற கல்லைத் தேடுவோம். படத்துல இருக்கும், வயல்ல இருக்காது. ராத்திரியோட ராத்திரியா எவனாவது பிடுங்கி வாய்க்கால்ல போட்டிருப்பான். கேட்டா, "கல்லா? எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இங்க கல்லே கிடையாதுங்க"ம்பான். அந்தக் கல்லு மேலயே துணி துவைச்சிட்டிருப்பா அவன் பொண்டாட்டி.

மாப்பிள்ளை: (சிரித்து) அதுக்குச் சட்டம் இல்லையா?

மாமனார்: 1923-லேர்ந்து இருக்கு, நில அளவை எல்லைச் சட்டம். கல்லைக் காப்பாத்த வேண்டியது பட்டாதாரர் பொறுப்பு. யார் பிடுங்குவானோ அவன்கிட்டயே காவலைக் குடுத்திருக்கு சட்டம்.

மாப்பிள்ளை: இங்க பாருங்க, இதை யாரும் பிடுங்கறதில்ல. சில ஊர்ல மக்களே பெயிண்டு வாங்கி வெள்ளையடிச்சு வச்சுக்கிறாங்க.

மாமனார்: ஏன் பிடுங்கணும்? இதை நாலடி தள்ளி வச்சா எவனுக்கு ஒரு குழி நிலம் சேரும்? வேலை பாக்கிற கல்லுக்குத்தான் எதிரி இருப்பான் மாப்பிள்ளை. உங்க கல்லுக்கு யாருமே இல்ல. அதான் கட்டிப்பிடிச்சு போட்டோ எடுக்கிறீங்க.

மாப்பிள்ளை: துல்லியத்துக்காகத்தான் மாமா இவ்வளவு பாடுபட்டாங்க. இந்த நாட்டோட மொத்த நீளத்துக்கும் சேத்து இருபது மீட்டர்தான் பிழை வரும்.

மாமனார்: இருபது மீட்டரா?

மாப்பிள்ளை: நாடு முழுக்க, மாமா. தெக்குக் கோடிலேர்ந்து வடக்குக் கோடி வரைக்கும்.

மாமனார்: இருக்கட்டும். எங்க சரகத்துல ஒரு சாணுக்கு அரிவாளைத் தூக்கிட்டு வந்திருக்கான். இருபது மீட்டர்னு சொல்லியிருந்தா எனக்கு அங்கேயே சமாதி கட்டியிருப்பாங்க.

மாப்பிள்ளை: எங்க அப்பா நிலத்தை அளக்க மனுப் போட்டார் மாமா. எத்தனையோ தடவை நடந்தார். சர்வேயர் வரவே இல்ல. கடைசியில ஒரு நாள் வந்தவர், கல்லைக் காட்டறதுக்கே தனியா ஒரு கவர் கேட்டாராம்.

மாமனார்: எந்த ஊர்?

மாப்பிள்ளை: உங்க சரகம் இல்ல மாமா.

மாமனார்: (நிமிர்ந்து) அப்படின்னா அந்த ஆள் நிச்சயமா சரியில்லாதவர்தான்.

மாப்பிள்ளை: இங்க கல்லைப் பாக்கறது இலவசம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

மாமனார்: பார்க்கிங்குக்கு என்ன குடுத்தீங்க?

(மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை. சம்பந்தி பேச்சை எடுத்தால் யார் ஜெயிப்பது என்று முடிவு தெரியாது. எடுக்காமலிருப்பதே இருவருக்கும் நல்லது.)

மாமனார்: மலையுச்சிக் கல்லுன்னா எங்ககிட்டயும் உண்டு. அது மத்திய சர்க்கார் கல்லு, எங்க டிபார்ட்மென்ட் இல்ல. லாம்டன் துரை 1802-ல பரங்கிமலை பக்கத்துல ஏழரை மைல் சமதரையில சங்கிலி பிடிச்சு அடிக்கோடு போட்டார். அதுக்கே 57 நாள். அங்க ஆரம்பிச்சுத்தான் முக்கோணம் முக்கோணமா இமயமலை வரைக்கும் போச்சு.

மாப்பிள்ளை: படிச்சிருக்கேன் மாமா! அவரோட தியோடலைட் அரை டன் எடையாமே.

மாமனார்: லண்டன்லேர்ந்து கப்பல்ல வந்ததை வழியில பிரெஞ்சுக்காரன் பிடிச்சு மொரீசியசுக்குக் கொண்டுபோயிட்டான். என்ன ஏதுன்னு பாத்துட்டு அப்புறம் அவனே மரியாதையா மெட்ராசுக்கு அனுப்பி வச்சான். எங்க சோழநாட்டுல மலை ஏது? அதனால அதைக் கோபுரத்து மேல ஏத்தினார். 1808-ல தஞ்சாவூர் பெரிய கோயில்ல கயிறு அறுந்து, கருவி போய்ச் சுவத்துல மோதிச்சு.

மாப்பிள்ளை: ஐயோ, கோயில்?

மாமனார்: கோயிலுக்கென்ன? கருவிதான் நெளிஞ்சது. மனுஷன் கூடாரத்துக்குள்ள உக்காந்து ஆறு வாரம் தட்டித் தட்டி நேராக்கினார். ராஜராஜன் வச்ச கல்லு. ஹொட்டின் வச்சதில்ல.

(இத்தனை நேரமும் அவர் விரல்கள் தூணின் தலையில் எதையோ தடவிக்கொண்டிருக்கின்றன.)

மாமனார்: இதென்ன, பித்தளையில மூணு பள்ளம்?

மாப்பிள்ளை: தியோடலைட்டோட மூணு காலும் அதுல உக்காரும் மாமா.

மாமனார்: அப்ப முக்காலி வேண்டாம்.

மாப்பிள்ளை: வேண்டாம்.

மாமனார்: தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, காத்துல அது ஆடி, அது நிக்கிற வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு... அதுவும் வேண்டாம். கொண்டாந்து வச்சா நேரா நடுவுல. (நிறுத்துகிறார்.) அடடா. இதை யோசிச்சவன் கண்டிப்பா காத்துல நின்னு குண்டு பிடிச்சவன்தான். எங்களுக்கு இப்படி ஒண்ணு குடுத்திருந்தா எனக்கு இடுப்பு போயிருக்காது. பக்கத்துல தகடு, நம்பர்... மட்டக்குறியா? உயரத்துக்கும் இதுலயே வச்சுட்டானா?

மாப்பிள்ளை: ஆமா மாமா. போட்டோ எடுக்கட்டுமா?

மாமனார்: எடுங்க. சட்டையில மடிப்பு தெரியாம எடுங்க.

மாப்பிள்ளை: இப்ப பதிவு போடணும். தூண் நிலைமை என்னன்னு ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும். நல்ல நிலை, லேசான சேதம், கவிழ்ந்தது, அழிந்தது, கண்டுபிடிக்க முடியவில்லை. கீழே சின்னதா ஒரு குறிப்பு.

மாமனார்: நகருங்க. நான் சொல்றேன், அப்படியே அடிங்க. "மேற்படி தூண் இன்று முற்பகல் மருமகன் முன்னிலையில் நேரில் புலத்தணிக்கை செய்யப்பட்டது. தூண் வரைபடத்தில் கண்டவாறே உள்ளது. நான்கெல்லையிலும் ஆக்கிரமிப்பு ஏதுமில்லை. கீழ்ப்புறம் ஆடுகள் சில மேய்வது காணப்பட்டது. அவற்றுக்கு மேற்படி புலத்தில் பாத்தியதை உண்டா என்பதற்கு ஆவணம் ஏதும் முன்வைக்கப்படவில்லை."

மாப்பிள்ளை: மாமா, எல்லாரும் "நல்ல காற்று, நல்ல காட்சி"ன்னு எழுதுவாங்க.

மாமனார்: காத்து கோப்புல வராது. முடிச்சுட்டீங்களா? கடைசியா ஒரு வரி: "ஆட்சேபணை இருப்பின் முப்பது நாட்களுக்குள் தெரிவிக்கவும்."

மாப்பிள்ளை: யாரு மாமா ஆட்சேபணை சொல்லப் போறாங்க?

மாமனார்: ஆடு சொல்லலாம். வாய்ப்பு குடுக்காம நாம உத்தரவு போட முடியாது மாப்பிள்ளை.