மருமகளின் கருத்து

கேள்வி: கருத்துக்கணிப்புக்கு வருகிறவர்களிடம் மக்கள் மனதில் இருப்பதைச் சொல்வார்களா?
– வாசகர், தேனி

பதில்: பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தால், மருமகள் சொல்வது மாமியாரின் கருத்துதான்! அதனால்தான் தேசியக் குடும்பநல ஆய்வில் குடும்ப வன்முறை பற்றிய கேள்விகளை வீட்டுக்கு ஒரே ஒரு பெண்ணிடம், தனிமையில் மட்டுமே கேட்கிறார்கள். கேட்பவரும் பெண். தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே விட்டுவிட வேண்டும். புள்ளிவிவரம் குறைந்தால் குறையட்டும், பதில் சொல்லும் பெண் அடிபடக் கூடாது. வாக்காளர்களின் மனநிலையை ஆராயும் லோக்நீதி அமைப்பினரும் தேர்தலுக்குப் பிந்தைய ஆய்வுகளில் மாதிரி வாக்குச்சீட்டு கொடுத்து, குறித்து மடித்துப் பெட்டியில் போடச் சொல்வார்கள். தெருவே எட்டிப் பார்க்கும் ஊர்களில் இது பெரிய மரியாதை. உங்கள் வீட்டுக்கு வருகிறவர் முதலில் சம்மதம் கேட்டால் திண்ணையில் உட்காரச் சொல்லுங்கள்; ஆதார் எண்ணைக் கேட்டால் கதவைச் சாத்துங்கள்.