எட்வர்ட் ராஜாவுக்குத் தீபாவளிக் குளியல்

நெகிரி செம்பிலான் தோட்டத்துக்காரர் யாரைக் கேட்டாலும் வீட்டில் ஒரு பழைய வெள்ளிக்காசு இருக்கிறது என்பார். எங்கே என்றால் பாட்டியின் தகரப் பெட்டியில் என்பார். என்ன விலை பெறும் என்றால் குரலைத் தாழ்த்தி, வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அதை வித்தா ஒரு வீடே வாங்கலாமாம்” என்பார். அப்படி வீடு வாங்கிய ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி வாத்தியார் பொழுதுபோகாமல் பழைய காசு சேர்க்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? லாபு, ரந்தாவ், பகாவ் பக்கமிருந்து பழைய மாணவர்கள், மாணவர்களின் மாமியார்கள், மாமியார்களின் அண்ணன்மார் எல்லாரும் கைக்குட்டையில் காசை முடிந்துகொண்டு வீட்டுக்கு வருவார்கள். தோட்டங்கள் துண்டு துண்டாகி, சிரம்பான் 2, ஸ்ரீ செண்டாயான் என்று தாமான்கள் எழும்பிய பிறகு வரத்து இன்னும் கூடியிருக்கிறது. லயத்தைக் காலி பண்ணும்போதுதானே பாட்டியின் பெட்டி திறக்கிறது!

வருவது பெரும்பாலும் 1903இல் அடிக்கத் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் டாலர். ஒரு பக்கம் கிரீடம் வைத்த ஏழாம் எட்வர்ட். மறு பக்கம் சீனத்திலும் ஜாவியிலும் ஒரு டாலர் என்ற எழுத்து. தமிழுக்கு இடம் ஒதுக்கவில்லை. எடை 26.95 கிராம், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. பலவற்றைப் பம்பாய் நாணயச் சாலையில் அடித்துக் கப்பலேற்றினார்கள். நம் பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார், காசு பம்பாயிலிருந்து வந்தது. காசுக்குக் கங்காணி கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். 1906இல் டாலரின் மதிப்பை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று கட்டிவைத்தார்கள். வெள்ளி விலையோ கட்டுக்கு அடங்காமல் ஏறியது. செலவழிப்பதைவிட உருக்கினால் லாபம் என்ற நிலை வரவே, 1907இல் ராஜாவை 20.2 கிராமுக்கு இளைக்கவைத்தார்கள். 1919இல் ஐந்தாம் ஜார்ஜ் தலையோடு வந்த டாலரில் வெள்ளி பாதிக்குப் பாதிதான்.

1920களின் கடைசியில் நம் பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு நாள்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40. ஒரு டாலரைத் தொடாமல் எடுத்துவைக்க ஆண் இரண்டு நாளும் பெண் இரண்டரை நாளும் பால்மரம் சீவியிருக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டு வந்த பொருளை அழுக்கேற விடுவார்களா? அங்கேதான் வினை பிடித்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் குத்துவிளக்கும் சொம்பும் முற்றத்துக்கு வரும்போது, எட்வர்டும் கூடவே வந்து உட்காருவார். பாட்டி காலத்தில் புளி, அடுப்புச் சாம்பல், தேங்காய் நார். அம்மா காலத்தில் விபூதி, பிறகு பிராசோ. அண்ணி வந்தபின் பற்பசை. பேரன் காலத்தில் அலுமினியத் தாள், சோடா உப்பு, சுடுதண்ணீர். இதில் கீறல் விழாது, ஆனால் காசு ரத்தசோகை பிடித்து வெளுத்து நிற்கும். ஒரு காசை விளக்கடியில் பிடித்தால் அந்தக் குடும்பத்துக்கு எந்தக் காலத்தில் என்ன வசதி வந்தது என்பதை ஓரளவு சொல்லிவிடலாம்.

பார்க்கும் முறை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. டியூப் லைட்டை அணைத்துவிட வேண்டும். அதன் வெளிச்சம் நாலாப்பக்கமும் பரவி எல்லாக் குற்றத்தையும் மூடி மறைத்துவிடும். ஒற்றை பல்பு மேசைவிளக்கின் கீழே, காசின் விளிம்பை இரு விரலால் பிடித்து மெல்லச் சாய்க்க வேண்டும். அதிகம் புழங்காத, யாரும் தேய்க்காத காசாக இருந்தால் அதன் முகத்தில் வெளிச்சம் சைக்கிள் சக்கரக் கம்பிகள் சுற்றுவதுபோல் சுற்றும். அச்சு ஓங்கி இறங்கும்போது வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பிதுங்கி ஓடிய தடம் அது. ஒருமுறை தேய்த்தால் அந்தத் தடம் போய்விடும். எந்தப் பொடி போட்டாலும் திரும்பாது.

தேய்த்த காசும் பளபளக்கும். ஆனால் அந்தப் பளபளப்பு நகராமல் ஒரே இடத்தில் நிற்கும். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் மயிரிழைக் கீறல்கள் தெரியும். தேய்த்த கை போன வழியெல்லாம் அதில் பதிந்திருக்கும். கடையில் துணியால் தேய்த்தவர்கள் நேர்கோடாக இழுத்திருப்பார்கள். நம் பாட்டிகளோ வட்டம் போட்டிருப்பார்கள், சட்டி தேய்த்துப் பழகிய கை. அடுத்தது எழுத்து இடுக்குகள். நார் எட்டாத இடத்தில் கறுப்பு அப்படியே இருக்கும், வெட்டவெளி மட்டும் வெள்ளைவெளேர் என்று இருக்கும். கிரீடத்துக் கற்களுக்கிடையில் வெளிறிய பொடி காய்ந்து கிடந்தால் அது பிராசோவின் மிச்சம். கடைசியாக ராஜாவின் கன்னமும் தாடியும். பல கை மாறித் தேய்ந்த காசில் மேடான இடங்கள் மங்கிய சாம்பல் நிறமாகத்தான் இருக்க வேண்டும். தாடி மழுங்கிப்போன ராஜாவுக்குக் கன்னம் மட்டும் தகதகத்தால், அவரை யாரோ குளிப்பாட்டியிருக்கிறார்கள்.

விளிம்பையும் ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். குழந்தையின் அரைஞாணில் கோர்ப்பதற்கு வளையம் பற்றவைத்து, பிறகு பிடுங்கிய வடு அங்கே இருக்கலாம்.

ரந்தாவிலிருந்து ஓர் அக்கா வந்தார். முடிச்சை அவிழ்க்கும்போதே கண் கூசியது.

“நல்லா மின்னுதுல்ல வாத்தியாரே? கிளம்பறதுக்கு முன்னாடிதான் தேய்ச்சேன்.”

“எதாலக்கா தேய்ச்சீங்க?”

“விபூதிதான். சாமிப் பொருள், அதால கெடுதல் வருமா?”

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? சைவ சித்தாந்தம் ஒரு பக்கம், அமெரிக்காவில் காசுக்குத் தரம் போடும் என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். இன்னொரு பக்கம். அவர்கள் 70 புள்ளி வரை போடுவார்கள். தேய்த்தது என்று கண்டால் புள்ளியே இல்லை, ‘முறையின்றிச் சுத்தம் செய்தது’ என்று சீட்டு எழுதி ஒட்டிவிடுவார்கள். வாத்தியாராக இருந்த காலத்தில் நான் எந்த மக்குப் பையனிடமும் அவ்வளவு கடுமையாக நடந்துகொண்டதில்லை.

கறுப்புக்குத்தான் விலை என்ற சேதி எப்படியோ பரவிவிட்டது. அதனால் இப்போது வேறு வித்தை. பழைய மாணவர் ஒருவர், தேய்த்த காசை அவித்த முட்டையோடு டப்பாவில் மூடி வைத்து, நிறம் ஏற்றிக் கொண்டுவந்தார். வெள்ளியைக் கறுக்கவைப்பது கந்தகம், முட்டையில் அது தாராளமாக உண்டு. மஞ்சள், ஊதா, நீலம் என்று படிப்படியாக ஏறிக் கடைசியில் கறுப்பது இயற்கைதான், ஆனால் அதற்குப் பல வருஷம் ஆகும். அவருடைய காசில் மேடு பள்ளம் பார்க்காமல் ஒரே நிறம், நிறத்துக்கு அடியில் பழைய கீறல்கள். வாசனையை நான் குறிப்பிடவில்லை, பக்கத்தில் அவர் மனைவி இருந்தார்.

இன்னும் சில காசுகளில் நடுவே கறுப்புப் பட்டை ஓடும். தொலையாமலிருக்கக் காகிதத்தில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டதால் வந்தது. ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். தாத்தா மங்கில் பிடித்த பால் ஆலைக்குப் போய், பேண்டாகத் திரும்பி வந்து, அவர் கூலியில் மிச்சம் பிடித்த காசிலேயே கோடு போட்டுவிட்டது.

விற்கப் போகும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரரிடம் நாம் கொண்டுபோகும் காசெல்லாம் தேய்த்த காசு. அதே காசு அவருடைய கண்ணாடிப் பெட்டிக்குள் போனதும் தேய்க்காத காசாகிவிடும். ஆகவே போகுமுன் கோலாலம்பூர் சாசானா கிஜாங்கில் உள்ள பேங்க் நெகாரா அருங்காட்சியகத்துக்கு ஒருநாள் போய், நாணயக் கூடத்தைச் சுற்றிப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். தேய்க்காத காசானால் அப்படியே விடுங்கள். ரப்பர் பேண்டை மட்டும் கழற்றுங்கள். ஏற்கெனவே தேய்த்தாகிவிட்டதா? பாட்டியைத் திட்டாதீர்கள். 1903 டாலர் ஒன்றில் ஏறத்தாழ 24 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. அன்றைய வெள்ளி விலையைக் கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள், அதற்குக் கீழே ஒரு காசுகூடக் குறைத்துக் கொடுக்காதீர்கள்.