எர்த்து கிடைக்கல, தம்பி!

தெருவுக்கு ஒருவர் இருப்பார். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஏதோ ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர், அல்லது கூடிய சீக்கிரம் பெறப்போகிறவர். ஞாயிறு காலையில் அவர் வீட்டு வாசலுக்கு ஒரு மனைப்பலகையும் மூடி தொலைந்த பிஸ்கட் டின் நிறைய ஸ்க்ரூக்களும் வந்துவிட்டால், யாருடைய பைக்குக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

எல்லாக் கோளாறையும் அவர் தொட்டுவிட மாட்டார். பஞ்சரா, அது கடைக்காரன் வேலை. இன்ஜினா, "பட்டறைக்குத் தள்ளிட்டுப் போ." ஆண்டவன் அவருக்கென்றே படைத்தது இண்டிகேட்டர். கையில் கிரீஸ் ஒட்டாது. பன்னிரண்டு வோல்ட்தான், ஷாக் அடிக்காது. உட்கார்ந்தபடியே பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் என்ன கோளாறு என்பது சுலபத்தில் சிக்காது.

"அங்கிள், இண்டிகேட்டர் எரியல" என்று போய் நின்றால் போதாது. விசாரணை உண்டு.

"எரியலையா, மினுக்கலையா?"

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று வண்டிக்காரர் யோசிப்பதற்குள் அடுத்தது வரும். "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா? ஹாரன் அடிக்குதா? ஆக்சிலேட்டரை முறுக்கினா மட்டும் ஒழுங்கா வருதா?"

கேள்விகள் வீண் இல்லை. ஒரு பக்கம் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கும். இரண்டு பக்கமும் செத்துக் கிடந்தால் ஃப்ளாஷரையோ ஹேண்டில் ஸ்விட்சையோ சந்தேகப்பட வேண்டும். கூடவே ஹாரனும் ஊமை என்றால் பியூஸ். முறுக்கும்போது மட்டும் உயிர் வருகிறது என்றால் பேட்டரி கிழடு தட்டிவிட்டது. நாலு கேள்வியில் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் பதிலைக் கேட்டபின் பெண் பார்க்க வந்த வீட்டுப் பெரியவர் மாதிரி, எதையும் தொடாமல் எல்லாவற்றையும் கவனித்தபடி, வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாக வேண்டும்.

அந்தச் சுற்றிலேயே பல்பு கறுத்திருப்பது கண்ணில் பட்டுவிட்டால் அவர் முகம் வாடிவிடும். "பல்புதான்" என்பார், ஏதோ நாம் அவரை ஏமாற்றிவிட்ட குரலில். பத்து வாட் பல்பு ஒன்றை மாற்றிக் கொடுப்பதற்கா விடிந்ததும் எழுந்து பிஸ்கட் டின்னைத் தேடினார்? அவருக்கு வேண்டியது வயரிங் கோளாறு. அதிலும் முக்கியமாக, எர்த்து.

அவரிடம் ஒரு கருவி இருக்கிறது. பழைய ஹோல்டரில் ஒரு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர். அவ்வளவுதான். வீட்டு பிளக்கில் வைத்துப் பார்க்கும் டெஸ்டரை எடுத்துக்கொண்டு உதவிக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரரை இந்தக் கருவியால்தான் விரட்டுவார். அந்த டெஸ்டர் பன்னிரண்டு வோல்ட்டுக்கு எரியவே எரியாது. அதை வைத்துப் பார்த்துவிட்டு "கரண்டே வரலையே" என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர். அவர்களை அவர் மன்னிப்பதே இல்லை.

எர்த்துக்கு வருவோம். மழைக்காலத்தில் இண்டிகேட்டர் குடுவைக்குள் தண்ணீர் இறங்கி, ஹோல்டரின் பித்தளை பச்சை பூத்துவிடும். பல்பு நல்லது, ஒயரில் கரண்ட் வருகிறது, விளக்கு மட்டும் எரியாது. திரும்பிப் போக வழியில்லாமல் கரண்ட் அங்கேயே நின்றுவிடுகிறது. பேட்டரியின் நெகட்டிவிலிருந்து ஒரு நீள ஒயரை இழுத்து வந்து, அதன் முனையை ஹோல்டரின் உடம்பில் லேசாகத் தொடுவார். மஞ்சள் விளக்கு பளிச் பளிச். "எர்த்து கிடைக்கல, தம்பி!" அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம் உப்புத்தாளை மடித்து உள்ளே விட்டுப் பச்சையைத் தேய்த்து எடுப்பார். கால் மணி நேரத்தில் முடிகிற வேலை ஒன்றேகால் மணி நேரம் ஆகும். தேய்த்ததை நம் கண்ணெதிரே நீட்டி, "இதைப் பாரு" என்று ஒவ்வொரு முறையும் காட்ட வேண்டும் அல்லவா?

இத்தனை பாடும் எதற்கு என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. நம் ஊர்ச் சாலையில் இண்டிகேட்டரை நம்பி யார் வண்டி ஓட்டுகிறார்கள்? ஆட்டோக்காரர் காலை வெளியே நீட்டினால் திரும்புகிறார் என்று பொருள். லாரிக்காரர் வலப்பக்கம் விளக்குப் போட்டால் அவர் வலப்பக்கம் திரும்பவும் செய்யலாம், "இப்போது முந்தாதே" என்று நம்மிடம் சொல்வதாகவும் இருக்கலாம்; எது என்பது பக்கத்தில் போனால் தெரியும். போன வாரம் திரும்பியதற்குப் போட்ட இண்டிகேட்டரை இன்னும் அணைக்காமல் போகிறவர்கள் தனி. அவர்களைத் துரத்திக்கொண்டு போய் விரலை மூடித் திறந்து காட்டுகிற புண்ணியவான்களும் உண்டு. அதே விரல், ஹெட்லைட் எரிகிறது என்றும் சைகை காட்டும். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் அது அணையவே அணையாது என்பது அவர்கள் காதுக்கு இன்னும் எட்டவில்லை. நம்மவர் அந்த ரகமில்லை. எரிகிற விளக்கில் அவருக்கு அக்கறை கிடையாது. அவருடைய சொந்த வண்டியில் பின்பக்க வலது இண்டிகேட்டர் இன்சுலேஷன் டேப்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதில் என்ன கோளாறு என்று அவருக்குத் தெரியும். தெரிந்துவிட்டதால் ஆர்வம் போய்விட்டது.

அவருடைய பொற்காலம் எல்இடி வந்தபிறகுதான் தொடங்கியது. ஒரு கல்லூரிப் பையன், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அம்பு வடிவில் நாலு எல்இடி இண்டிகேட்டர் வாங்கி அப்பாவின் பழைய வண்டியில் மாட்டிவிட்டான். இடது போட்டால் நாலும் எரிந்தன. வலது போட்டாலும் நாலும் எரிந்தன, அதுவும் பேய் வேகத்தில். பட்டறையில் "விடு தம்பி, நாலும் எரிஞ்சா நல்லாத் தெரியும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அவர் அன்று பட்ட சந்தோஷத்தை அவருடைய மகள் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

"வேகம் ஏன்னு சொல்லவா?" என்று ஆரம்பித்தார். பழைய ஃப்ளாஷர், பத்து வாட் பல்பு இரண்டு இழுக்கிற கரண்டுக்குப் பழகியது. எல்இடி இழுப்பதோ ஒன்றிரண்டு வாட். பல்பு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு அது பதறுகிறது. எல்இடிக்கென்றே விற்கும் ஃப்ளாஷரைப் போட்டால் அடங்கிவிடும். பையன் தலையாட்டினான். "ஆனா நாலும் ஏன் எரியுது?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் மீட்டரைக் கழற்றினார்.

உள்ளே இடது வலது இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு குட்டி பல்பு. அதன் ஒரு கால் இடதுபக்க ஒயரில், இன்னொரு கால் வலதுபக்க ஒயரில். இடது போடும்போது கரண்ட் இந்தப் பல்பு வழியாக வலதுபக்கம் கசிகிறது. பழைய பல்புகளை எரிக்க அந்தக் கசிவு போதாது, எல்இடிக்குத் தாராளம். குட்டி பல்பைப் பிடுங்கினார். இடது போட்டால் இடது, வலது போட்டால் வலது. பையன் "சூப்பர் அங்கிள்" என்று சாவியை எடுக்கப் போனான்.

"எங்கே போறே? மீட்டர்ல விளக்கு வேணாமா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி பையோடு வந்து நின்றார். "ஏங்க, கறிக்கடையில கூட்டம் சேர்ந்துடும். போயிட்டு வந்து அதை நோண்டுங்க."

"இதோ."

பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து, செத்துப்போன சார்ஜர் போர்டு ஒன்றிலிருந்து 1என்4007 டையோடு இரண்டைப் பெயர்த்தெடுத்தார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைப்பதுதான்; ஆனால் வாங்கினால் என்ன பெருமை? இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, கோடு போட்ட முனை இரண்டையும் சேர்த்துக் குட்டி பல்புக்கு, பல்பின் இன்னொரு கால் எர்த்துக்கு. புது ஃப்ளாஷரையும் வாங்கிவரச் சொல்லி மாட்டியபின், கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு மினுக்கலை எண்ணினார். நிமிஷத்துக்கு 60-க்குக் குறையக் கூடாது, 120-ஐத் தாண்டக் கூடாது. எண்ணும்போது பேசிய என்னை ஒரு முறை முறைத்துவிட்டு முதலிலிருந்து எண்ணினார்.

எவ்வளவு தரட்டும் என்று பையன் கேட்டதற்கு, கழற்றிய பழைய ஃப்ளாஷரை மட்டும் வாங்கி டின்னில் போட்டுக்கொண்டார். வண்டி கிளம்பியது. நாலடி போயிருக்கும்.

"தம்பி, நில்லு. பிரேக்கை மிதி. விடு. இன்னொரு தடவை மிதி. பின்னாடி லைட்டு கொஞ்சம் மங்கலா இல்லே?"

பையன் இறங்கி வந்து பார்த்தான். நானும் குனிந்து பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகத்தான் எரிந்தது. அதற்குள் அவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டுவிட்டார்.

அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு தானே கறிக்கடைக்குக் கிளம்பிவிட்டார்.